தோட்டா வரிசையில் கடைசி ஆள்

2020 தொடக்கத்தில் அமெரிக்காவில் 50 தோட்டா கொண்ட 9 எம்எம் பெட்டி ஒன்று ஏறத்தாழ 10 டாலருக்குக் கிடைத்தது. தோட்டா ஒன்றுக்கு 20 சென்ட். ஓராண்டு கழித்து அதே பெட்டிக்கு 35, 40 டாலர் கேட்டார்கள், அதுவும் கடையில் சரக்கு இருந்தால். பல ஊர்களில் அலமாரி காலி. 'ஆளுக்கு ஒரு பெட்டிதான்' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார்கள். லாரி எந்தக் கிழமை வரும் என்று விசாரித்து வைத்துக்கொண்டு, கடை திறக்கும் முன்பே வாசலில் போய் நின்றவர்கள் உண்டு.

இந்த விலையேற்றத்தில் அதிகம் அடிபட்டவர் வாரக்கடைசியில் சுடுதளத்துக்குப் போய் 200 தோட்டா சுட்டுவிட்டு வீடு திரும்பும் சாதாரண ஆள். 40 டாலரில் முடிந்துகொண்டிருந்த அவருடைய பொழுதுபோக்குக்கு அப்போது 150 டாலர் வேண்டியிருந்தது. ராணுவத்துக்கும் போலீசுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. பயந்துபோய்த் துப்பாக்கி வாங்கியவர் என்ன விலை சொன்னாலும் கொடுப்பார். இவர்கள் எல்லாரும் வாங்கி முடித்த பிறகுதான் அவருடைய முறை.

இத்தனை தோட்டா எங்கே போயிற்று? பெருந்தொற்று, ஊரடங்கு, தெருப் போராட்டங்கள், அதிபர் தேர்தல் என்று நான்கும் ஒரே ஆண்டில் வந்தன. 2019-ல் 2.84 கோடியாக இருந்த, துப்பாக்கி வாங்குவோர் மீதான எஃப்பிஐயின் பின்னணிச் சோதனைகள் 2020-ல் 3.97 கோடியைத் தொட்டன. அந்த ஆண்டு முதல்முறையாகத் துப்பாக்கி வாங்கியவர்கள் மட்டும் 84 லட்சம் பேர் இருக்கலாம் என்பது துப்பாக்கித் தொழில் கூட்டமைப்பான என்எஸ்எஸ்எஃப்பின் மதிப்பீடு. இவர்கள் தலைக்கு இரண்டே பெட்டி வாங்கினால்கூட 84 கோடி தோட்டா. புதிதாகத் துப்பாக்கி வாங்கியவர் இரண்டு பெட்டி வாங்குவது அளவுக்கு மீறிய ஆசை இல்லை. ஏற்கெனவே துப்பாக்கி வைத்திருந்தவர்கள்தான் இரண்டு பெட்டி வாங்கிய இடத்தில் இருபது வாங்கினார்கள்.

விற்பனைப் பக்கத்திலும் ஓர் அடி முன்பே விழுந்திருந்தது. 2019 ஆகஸ்டில் எல் பாசோ நகர வால்மார்ட் கடையில் நடந்த படுகொலைக்குப் பிறகு, கைத்துப்பாக்கித் தோட்டாக்களையும், ராணுவ பாணி ரைஃபிள்களுக்கும் பொருந்தும் சில சிறு ரகங்களையும் விற்பதை அந்த நிறுவனம் நிறுத்திக்கொண்டது. நாட்டின் தோட்டா விற்பனையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அதுவரை வால்மார்ட் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. முடிவு சரியா தப்பா என்பது வேறு விவாதம். ஆனால், அதிக லாபம் வைக்காமல் விற்ற பெரிய கடை ஒன்று கைத்துப்பாக்கித் தோட்டா விற்பதை நிறுத்திய நிலையில்தான் அந்த நாடு 2020-க்குள் நுழைந்தது.

உண்மையான முடிச்சு இருந்தது பிரைமரில்.

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள். பித்தளைக் கூடு, அதற்குள் புகையில்லா வெடிமருந்து, முனையில் ஈயக் குண்டு, அடியில் ஒரு சட்டைப் பொத்தானைவிடச் சிறிய பிரைமர். துப்பாக்கியின் ஊசி குத்தியதும் முதலில் பொறி விடுவது இந்தப் பிரைமர்தான். பித்தளையும் ஈயமும் காசு கொடுத்தால் எங்கேயும் கிடைக்கும். பிரைமர் அப்படி இல்லை. லேசாகத் தட்டினாலே வெடிக்கிற ஈய ஸ்டிஃப்னேட் போன்ற மருந்தை ஈரப்பதத்தோடு கலந்து, குட்டிக் கிண்ணங்களில் நிரப்பி, பிறகு உலர்த்த வேண்டும். இதற்கான கட்டடம், பாதுகாப்பு, உரிமம், பழகிய ஆட்கள் எல்லாம் ஆறு மாதத்தில் அமைகிற காரியம் இல்லை. அமெரிக்காவில் பொதுச் சந்தைக்குப் பெரிய அளவில் பிரைமர் செய்யும் பெயர்கள் நான்குதான்: ஐடஹோவின் சிசிஐ, மினசோட்டாவின் ஃபெடரல், ஒலின் நிறுவனத்தின் வின்செஸ்டர், ஆர்கன்சாவின் ரெமிங்டன். அந்த நாலாவது, 2020 ஜூலையில் திவால் மனு போட்டது. சந்தையில் தோட்டாவுக்கு அடிதடி நடக்கும்போது ஒரு தோட்டாக் கம்பெனி திவால்! வேடிக்கைதான், காரணத்தையும் பார்த்துவிடலாம்.

அமெரிக்காவில் துப்பாக்கி வியாபாரம் அச்சத்தின் அலையில் ஏறி இறங்கும் வியாபாரம். 2008-ல் ஒபாமா ஜெயித்ததும் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வரும் என்று பயந்து வாங்கினார்கள். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு மறுபடியும் அதே கூட்டம். 2016-ல் டிரம்ப் ஜெயித்ததும் பயம் போயிற்று, கூடவே விற்பனையும் படுத்தது. கடனில் மூழ்கிய ரெமிங்டன் 2018-லேயே ஒருமுறை திவால் நீதிமன்றம் போய் வந்திருந்தது. இதையெல்லாம் பார்த்த முதலாளி எவரும், இந்த ஆண்டு கூட்டம் வந்துவிட்டது என்பதற்காகப் பல கோடி டாலர் போட்டுப் புதிய பிரைமர் ஆலை கட்ட மாட்டார். ஆலை தயாராகும்போது கூட்டம் கலைந்திருக்கும். இருக்கிற இயந்திரங்களை இரவு பகலாக ஓட்டுவதுதான் அவர்களுக்குக் கட்டுப்படியாகும். ஓட்டவும் செய்தார்கள். அதிகம் விற்கும் 9 எம்எம், .223 ரகங்களுக்கே முதலிடம் கொடுத்ததால், .30-30, .243 போன்ற மான் வேட்டைத் தோட்டாக்கள் வேட்டைப் பருவத்தில் கண்ணிலேயே படவில்லை.

2020 செப்டம்பர் ஏலத்தில் ரெமிங்டனின் தோட்டாத் தொழிலை 8.14 கோடி டாலருக்கு வாங்கியது விஸ்டா அவுட்டோர். ஃபெடரலும் சிசிஐயும் ஏற்கெனவே அதன் கையில்தான் இருந்தன. ஆக, பெயர் நான்கு, முதலாளி இருவர். தோட்டாவை ரகசியக் கிடங்கில் பதுக்குகிறார்கள் என்ற வதந்திக்கு இது நல்ல தீனி. ஃபெடரல் தலைவரே வீடியோவில் வந்து மறுக்க வேண்டியதாயிற்று. பதுக்கல் இல்லாமலும் இல்லை. அது ஆலையில் நடக்கவில்லை, வீட்டு அலமாரிகளில் நடந்தது. பதுக்கல்காரர்களைத் திட்டியபடி வரிசையில் நின்றவரின் கார் டிக்கியிலும் நேற்று வாங்கிய இரண்டு பெட்டி இருந்தது.

2021-ல் இன்னும் இரண்டு இடி. மே மாதம் செம்பு விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியிருந்தது. தோட்டாக்கூட்டின் பித்தளையில் 70 சதவீதம் செம்பு. ஆகஸ்டில், ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் நவால்னிக்கு விஷம் வைத்த விவகாரத்தை ஒட்டி, ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி உரிமம் தருவதில்லை என்று அமெரிக்கா அறிவித்தது. தூலா, உல்ஃப், பர்னாவுல் ஆகியவை பித்தளைக்குப் பதில் எஃகுக் கூடு போட்டு விற்ற மலிவுச் சரக்கு. துப்பாக்கிக்கு நல்லதில்லை என்று பலர் முகம் சுளிப்பார்கள், ஆனால் சும்மா சுட்டுப் பழகுகிறவருக்கு அதுதான் கைகொடுத்தது. கையிலிருந்த உரிமங்கள் முடியும்வரை சரக்கு வந்தாலும், அறிவிப்பு வந்த அன்றே விலை ஏறிவிட்டது.

சரி, சமாளிப்பது எப்படி?

முதல் வழிக்குச் செலவே இல்லை: தோட்டா இல்லாமல் சுடுவது. 'டிரை ஃபயர்' என்பார்கள். துப்பாக்கி காலிதானா என்று இரண்டு முறை பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, சுவரில் ஒரு புள்ளியைக் குறிபார்த்து விசையை இழுப்பது. குழலின் நுனியில், முன்குறிக்கு மேல் ஒரு நாணயத்தைத் தட்டையாக வைத்து, அது விழாமல் விசையை இழுக்கப் பழகுவது பழைய பயிற்சி. முதலில் 'டக்' என்ற சத்தத்துக்கு முன்பே நாணயம் கீழே கிடக்கும். குறி தவறுவதற்குக் கை ஆடுவதைவிட, விசையை வெடுக்கென்று இழுப்பதே பெரும்பாலும் காரணம் என்பது அப்போது புரியும். ஒலிம்பிக் வீரர்களின் பயிற்சியிலும் இது தினப்படி உண்டு. .22 ரகத் துப்பாக்கிகள் சிலவற்றில் வெறுமனே இழுத்தால் ஊசி அறையின் விளிம்பில் மோதிக் கெடுத்துவிடும். அவற்றுக்கு டம்மித் தோட்டா வேண்டும்.

இரண்டாவது வழி ஏர் ரைஃபிள். அதற்குப் பிரைமரும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். தட்டுப்பாட்டின் முடிச்சு அதைத் தொடுவதே இல்லை. விளையாட்டுப் பொம்மை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான். பெரிய தோட்டாவை விட்டு .22க்கு இறங்குவது இன்னொரு வழி. தட்டுப்பாட்டுக்கு முன் 500 தோட்டா 20, 25 டாலருக்கு வந்தது. ஆனால், எல்லாருக்கும் இதே யோசனை வரும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். 2013-ல் .22 கூட மறைந்தது, திரும்பிவர இரண்டு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

நான்காவது வழியைப் பற்றி எல்லாரும் ஆசையாகப் பேசுவார்கள்: ரீலோடிங், அதாவது சுட்ட கூட்டை மறுபடி நிரப்புவது. சுடுதளத்தில் கொட்டிக் கிடக்கும் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, வால்நட் ஓட்டுத் தூளோடு குலுக்கும் இயந்திரத்தில் போட்டு மெருகேற்றுகிறார்கள். மேசையில் பூட்டிய பிரஸ்ஸின் கைப்பிடியை இறக்கினால் பழைய பிரைமர் 'டிக்' என்று கீழே விழும், வீங்கிய கூடு பழைய அளவுக்கு ஒடுங்கும். புதிய பிரைமரை அழுத்திப் பொருத்தி, 9 எம்எம் என்றால் ஏறக்குறைய 5 கிரெயின் மருந்து. கிராமில் சொன்னால் மூன்றில் ஒரு பங்கு. பிறகு குண்டை வைத்து இறுக்கினால் வேலை முடிந்தது. ஒரு பவுண்டு மருந்தில் 1,400 தோட்டா வரும்.

கவனம் சிதறினால் இதில் இரண்டு வகையில் ஆபத்து. 9 எம்எம் கூட்டில் சில ரக மருந்து இரண்டு மடங்கு விழுந்தாலும் கொள்ளும், மேலே வழியாது. சுடும்போது துப்பாக்கி வெடிக்கும். மருந்தே விழாமல் போனால் பிரைமரின் பலத்தில் குண்டு குழலுக்குள் பாதி வழி போய்ச் சிக்கிக்கொள்ளும், அடுத்த தோட்டா அதன் முதுகில் போய் மோதும். அதனால்தான் அனுபவசாலிகள் குண்டை வைக்கும் முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கடித்துப் பார்க்கிறார்கள். டிவி பார்த்துக்கொண்டே செய்யும் வேலை இல்லை இது.

பணக்கணக்குக்கு வருவோம். பழைய விலையில் பிரைமர் 3 சென்ட், மருந்து 2 அல்லது 3, குண்டு 8 அல்லது 9. மொத்தம் 13 முதல் 15 சென்ட். கடைத் தோட்டா 20 சென்டுக்குக் கிடைத்த காலத்தில் மிச்சம் ஐந்து முதல் ஏழு சென்ட்தான். பிரஸ்ஸும் மற்ற சாமான்களும் வாங்கிய சில நூறு டாலரை மீட்கவே ஆயிரக்கணக்கில் நிரப்ப வேண்டும். கடை விலை 70 சென்ட் ஆனபோது கணக்கு தலைகீழானது, கையில் பிரைமர் வைத்திருந்தவருக்கு மட்டும். மற்றவர்கள் ஆயிரம் பிரைமருக்கு 150, 200 டாலர் வரை தனியாரிடம் கொடுத்தார்கள். முன்பு அது 30, 35 டாலர் சரக்கு. தட்டுப்பாடு வந்த பிறகு ரீலோடிங் தொடங்கலாம் என்று போனவருக்குப் பிரைமரும் இல்லை, மருந்தும் இல்லை, பிரஸ்ஸுக்கே மாதக்கணக்கில் காத்திருப்பு. ஆகவே இதைத் தட்டுப்பாட்டுக்கு மருந்தென்று நான் சொல்ல மாட்டேன். நிதானமான காலத்தில் தொடங்கியவர்களுக்குத்தான் இது பயன்பட்டது.

வாங்குவதிலும் அப்படித்தான். பலமுறை அடிபட்ட பழைய ஆட்கள் விலை இறங்கிக் கிடக்கும்போது மாதாமாதம் கொஞ்சம் வாங்குகிறார்கள், ஒரு பெட்டி சுட்டால் இரண்டு பெட்டி வாங்கி வைக்கிறார்கள். பழையதை முதலில் எடுத்துச் சுடுகிறார்கள். பெட்டி விலையைப் பார்க்காமல், அனுப்பும் செலவையும் சேர்த்துத் தோட்டா ஒன்றுக்கு எவ்வளவு என்று பார்க்கிறார்கள். அம்மோசீக் போன்ற ஒப்பீட்டுத் தளங்கள் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுகின்றன. பிரைமரும் மருந்தும் ஆன்லைனில் வாங்கினால் ஆபத்தான சரக்கு என்று தனிக் கட்டணம் உண்டு. நாலைந்து நண்பர்கள் ஒரே ஆர்டராகப் போட்டால் அது பங்காகிவிடும். உலர்ந்த, சூடேறாத இடத்தில் வைத்தால் தோட்டா பல பத்தாண்டுகள் கெடாது. அதற்காக வீட்டையே மருந்துக் கிடங்காக்க முடியாது: அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதிகள் சாதாரணமாக ஒரு வீட்டில் 20 பவுண்டு மருந்து, 10,000 பிரைமர் என்று எல்லை வகுத்திருக்கின்றன.

விலை பிறகு இறங்கியது. 2023 வாக்கில் 9 எம்எம் மறுபடி 25 சென்டைச் சுற்றி வந்தது. போஸ்னியா, அர்ஜென்டினாவிலிருந்தெல்லாம் பிரைமர் வந்தது. ஆனால் ஆயிரம் பிரைமர் 30 டாலர் என்ற காலம் திரும்பவில்லை. அதற்குள் முடிச்சு பிரைமரிலிருந்து மருந்துக்கு இடம் மாறியிருந்தது. புகையில்லா மருந்தின் உயிர் நைட்ரோசெல்லுலோஸ். பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குட்டைப் பஞ்சை அமிலத்தில் பதப்படுத்திச் செய்வது. உக்ரைன் போரில் பீரங்கிகள் இதை விழுங்கத் தொடங்கியதும் உலகமெங்கும் இழுபறி. நீலகிரி மலை ரயிலில் அரவங்காடு ஸ்டேஷனைக் கடந்தவர்கள் 1903-ல் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலையைப் பார்த்திருப்பார்கள். கார்டைட்டுக்கும் அடிப்படை அதே நைட்ரோசெல்லுலோஸ்தான். பீரங்கிக்கும் ரைஃபிளுக்கும் ஒரே மூலப்பொருள் என்றால் யாருக்கு முதலில் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2024-ல் அல்லியண்ட் நிறுவனம், வீட்டில் தோட்டா நிரப்புகிறவர்களுக்கு டப்பாவில் விற்கும் மருந்தை அனுப்புவதைச் சில காலம் நிறுத்தியே வைத்தது.

அதே ஆண்டு நவம்பரில் ஃபெடரல், சிசிஐ, ரெமிங்டன் தோட்டாத் தொழில்களை விஸ்டாவிடமிருந்து 222.5 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது செக் நாட்டின் சிஎஸ்ஜி. பீரங்கிக் குண்டு வியாபாரத்தில் உக்ரைன் போரின்போது பெரிதாக வளர்ந்த நிறுவனம் அது. மினசோட்டாவில் சனிக்கிழமை காலை பறக்கவிடும் மண்தட்டுகளைச் சுடப் போகிறவரின் தோட்டா விலை இனி ப்ராக் நகரத்துக் கணக்குப் புத்தகத்திலும் எழுதப்படும்.