வாடகைப் பதிவேடு யாரைக் கேள்வி கேட்கிறது?

1917ஆம் ஆண்டு பரோடா அரசில் பணியேற்கச் சென்ற அண்ணல் அம்பேத்கருக்கு அந்நகரில் தங்க இடம் கிடைக்கவில்லை. விடுதிப் பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதச் சம்மதித்த பிறகே பார்சி விடுதி ஒன்றில் அவருக்கு அறை கிடைத்தது. பதினோராம் நாள் தடிகளுடன் வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. நூறாண்டுகளுக்குப் பின்னும், வாடகைக்கு வீடு தேடும் தலித்துகள் பலர் தம் ஊரையும் தெருவையும் மறைத்தே பேச வேண்டியிருக்கிறது. எனவே, வாடகை வீடுகளைப் பதிவு செய்தல், ஆய்வு செய்தல் என்பவை நமக்கு நகராட்சி நிர்வாகம் சார்ந்த செய்திகள் மட்டும் அல்ல. அந்தப் பதிவேடு வீட்டைக் கேள்வி கேட்கிறதா, வீடு தேடி வருபவரைக் கேள்வி கேட்கிறதா என்பதை நாம் ஆராய வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்காவின் சியாட்டில் நகரம் உதவும். 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து, அந்நாட்டில் அவ்வாறு செய்த முதல் நகரமானது சியாட்டில். வேலைவாய்ப்பில் மட்டுமன்றி வீட்டு வாடகையிலும் அத்தடை செல்லும். ஆனால் அந்நகரின் வாடகை விவாதம் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கியது.

வீட்டை ஆய்வு செய்யும் சட்டம்

சியாட்டில் 2012இல் இயற்றிய அவசரமற்ற, ஆனால் உறுதியான சட்டம் ஒன்றின்படி, ஏறக்குறைய எல்லா வாடகை வீடுகளையும் உரிமையாளர்கள் நகர நிர்வாகத்திடம் பதிவு செய்ய வேண்டும். 2014 முதல் படிப்படியாகப் பதிவு நடந்தது. பதிவான ஒவ்வொரு கட்டடமும் ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்குள் ஒருமுறையேனும் ஆய்வுக்கு உட்படும். கூரை ஒழுகுகிறதா, மின்கம்பிகள் பாதுகாப்பாக உள்ளனவா, கழிவுநீர்க் குழாய் சரியாக இயங்குகிறதா, புகை உணர்கருவி உண்டா என்பனவே அங்குக் கேட்கப்படும் கேள்விகள்.

இதற்கு எதிர்ப்பும் எழுந்தது. கட்டணமும் பழுதுபார்ப்புச் செலவும் வாடகையில்தான் ஏறும், ஓரிரு வீடுகளை மட்டுமே வைத்திருக்கும் சிறிய உரிமையாளர்கள் விற்றுவிட்டு வெளியேறுவார்கள் என்பது ஒரு வாதம். ஆய்வாளர் வீட்டினுள் நுழைவது குடியிருப்பவரின் அந்தரங்கத்தைப் பாதிக்கும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் புறந்தள்ளத் தக்கவை அல்ல. எனினும், அதே மாநிலத்தின் பாஸ்கோ நகரம் கொண்டுவந்த இத்தகைய விதியை 2007இலேயே வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருந்தது.

குடியிருப்போர் தரப்பு வாதம் நமக்கு நெருக்கமானது. புகார் வந்தால் மட்டுமே ஆய்வு என்ற முறையில், புகார் செய்பவர் வீட்டை இழக்கும் ஆபத்து இருக்கிறது. வேறு வீடு எளிதில் கிடைக்காதவர் ஒழுகும் கூரையின் கீழ் மௌனமாகவே இருப்பார். முறைவைத்து எல்லா வீடுகளையும் ஆய்வு செய்தால், எவரும் தனியாக முன்வந்து பகை தேடிக்கொள்ள வேண்டியதில்லை.

மறுப்புக்கு ஒரு தடயம்

ஆனால் ஆய்வு, வீடு கிடைத்தவருக்கே பயன்படும். வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர் எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை. இந்த இடைவெளியை நோக்கியே சியாட்டில் 2017இல் மற்றொரு விதியை நடைமுறைப்படுத்தியது. உரிமையாளர் தம் நிபந்தனைகளை முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும். விண்ணப்பங்கள் வந்த நாளையும் நேரத்தையும் குறிக்க வேண்டும். நிபந்தனைகளை நிறைவு செய்யும் முதல் விண்ணப்பதாரருக்கே வீட்டைத் தர முன்வர வேண்டும். சொத்துரிமை பறிபோகிறது என்று உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 2018இல் கீழ் நீதிமன்றம் விதியை ரத்து செய்தது. 2019இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை மீட்டளித்தது.

இவ்விதியின் பயன் என்ன? மறுப்பு ஒரு தடயத்தை விட்டுச் செல்கிறது. முதலில் வந்தவர் யார், அவர் ஏன் விலக்கப்பட்டார் என்பதற்கு உரிமையாளர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்னையில் நிலை என்ன?

இனி நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்து, 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கியது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் அமைய வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது அது. தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டித்துக் குடியிருப்பவரை வெளியேற்றுவதைத் தடுக்கிறது. இவை வரவேற்கத்தக்கவை.

ஆனால் சட்டத்தின் சுமை எப்பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். சியாட்டிலில் வீட்டைப் பதிவு செய்யாத உரிமையாளர், குடியிருப்பவரை வெளியேற்றும் நீதிமன்ற ஆணையைப் பெற முடியாது. இங்கோ, சட்டம் வருமுன்பே குடியிருந்தவருக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லையெனில், புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் போவதே அவரை வெளியேற்றக் கோருவதற்கான காரணமாகிறது. வாய்ச்சொல்லை நம்பிக் குடியேறிய உழைக்கும் மக்களைத்தான் இது முதலில் தாக்கும். வீட்டின் தரத்தை முறைவைத்து ஆய்வு செய்யும் ஏற்பாடும் இச்சட்டத்தில் இல்லை. 2012இல் சென்னை மாநகரக் காவல்துறை, குடியிருப்போரின் விவரங்களைத் தரும்படி வீட்டு உரிமையாளர்களுக்கு ஆணையிட்டது. இங்கே ஐயத்துக்கு உள்ளாவது கட்டடம் அன்று, குடியிருப்பவர்.

வீடு மறுக்கப்படும் கணத்தைப் பற்றி இந்திய வாடகைச் சட்டங்கள் பேசுவதில்லை. அதனால் சட்டமே இல்லை என்று பொருளல்ல. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரால் எந்தப் பகுதியிலும் குடியிருக்க ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. சிக்கல் அதை மெய்ப்பிப்பதில் இருக்கிறது. "நேற்றே ஒருவருக்குப் பேசி முடித்துவிட்டோம்" என்ற ஒரு வரி போதும், சட்டம் செயலற்றுப் போகிறது. "சைவம் மட்டும்" என்ற அறிவிப்புப் பலகை, சாதியைச் சொல்லாமலே சாதியைக் கேட்கிறது. தரகர் பெயரைக் கேட்டதும் அடுத்துச் சொந்த ஊரையும், பிறகு தெருவையும் கேட்கிறார். இவற்றில் எதற்கும் எழுத்துச் சான்று இல்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. பதிவு, வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். வாடகைக்கு விடப்படும் கட்டடம் முறைவைத்து ஆய்வு செய்யப்பட வேண்டும். பதிவு செய்யத் தவறியதன் விளைவு உரிமையாளரைச் சேர வேண்டும். விளம்பரம், நிபந்தனை, விண்ணப்பம், மறுப்பு ஆகியவை தரகர்களிடமும் உரிமையாளர்களிடமும் எழுத்தில் இருக்க வேண்டும். சாதியை வெளிப்படுத்தும் கேள்விகளை வாடகைச் சட்டமே வெளிப்படையாகத் தடை செய்ய வேண்டும்.

விதி ஒன்றே சாதியை ஒழித்துவிடும் என்று நாம் நம்பவில்லை. சியாட்டிலிலும் அது ஒழிந்துவிடவில்லை. ஆனால் எழுத்தில் வராத மறுப்பை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது. பரோடாவில் பொய்ப் பெயர் எழுதவைத்த பதிவேட்டை, மெய்யான பெயரோடு வருபவருக்குச் சான்றாக நிற்கும் பதிவேடாக மாற்றுவதே இன்றைய பணி.