ஊரடங்கிய நாட்களும் உடற்பருமனும்

2020-ஆம் ஆண்டு மார்ச்சு 25 முதல் மே 31 வரை, 68 நாட்கள், பாரத நாடு முழுவதும் வீட்டினுள் அடங்கியிருந்தது. அந்நிலையைச் சில தமிழ் ஏடுகள் ஊரடங்கு என்றும், சில பொது முடக்கம் என்றும் எழுதின. இவ்விரு சொற்களுள் எது தக்கது என்று மொழிபெயர்ப்பாளரிடையே வழக்கு உண்டு; நமக்கு முன்னதே உவப்பு. ஊர் அடங்கியது, ஆனால் பசி அடங்கவில்லை. அது ஏன் அடங்கவில்லை என்பதையே இங்கு ஆராய விரும்புகிறோம்.

நீரிழிவாலோ முழங்கால் வலியாலோ, எடையைக் குறைத்தே தீர வேண்டும் என்று மருத்துவர் பணித்த அன்பர்கள் நம்மிடையே பலர். தில்லியிலும் பம்பாயிலும் வாழும் தமிழர் நாள்தோறும் தம்மை அறியாமலே ஒரு நடைப்பயிற்சி செய்து வந்தனர். குடியிருப்பிலிருந்து பேருந்து நிறுத்தம், மெட்ரோ நிலையத்துப் படிகள், அலுவலகத்தின் நீண்ட தாழ்வாரங்கள், மாலையில் கரோல்பாக்கிலோ மாதுங்காவிலோ காய்கறிக் கடை என்று கூட்டிப் பார்த்தால் ஒரு மணி நேர நடைக்குக் குறையாது. ஊரடங்கு அதனை ஒரே நாளில் நிறுத்திவிட்டது. பூங்காக்கள் பூட்டப்பட்டன. உடற்பயிற்சிக் கூடங்களுக்கு ஆகஸ்டு 5-ஆம் தேதியிலிருந்தே மத்திய அரசு அனுமதி தந்தது. தில்லியில் அவை திறக்கச் செப்டம்பர் ஆயிற்று.

நடை நின்றால் பசியும் அதற்கேற்பக் குறையாதோ என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. இதற்கு விடை கூறும் பழைய ஆராய்ச்சி ஒன்று நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. ழான் மேயர் என்னும் ஊட்டநூல் அறிஞர், இந்தியத் துணைவர் இருவருடன், மேற்கு வங்காளத்துச் சணல் ஆலையொன்றில் 213 ஆடவரின் உணவையும் எடையையும் தொழிலையும் ஒப்பிட்டு 1956-இல் முடிவுகளை வெளியிட்டார். மூட்டை சுமப்போர் மிகுதியாக உண்டனர், பருக்கவில்லை. இலேசான வேலை செய்தோர் குறைவாக உண்டனர், அவர்களும் பருக்கவில்லை. ஆனால் நாளெல்லாம் அமர்ந்தே இருந்த கடைக்காரர் முதலியோரோ, உழைப்பாளிக்கு இணையாக உண்டனர். எடையும் அவர்களிடமே மிகுந்திருந்தது. அதாவது, ஓரளவு உழைப்பு இருக்கும்வரை பசி கணக்குத் தவறாத காரியஸ்தனாக நடந்துகொள்கிறது. உழைப்பு அந்த அளவுக்குக் கீழே இறங்கினால், அது கணக்கையே மறந்துவிடுகிறது. ஓர் ஆலையில் எடுத்த கணக்கை உலகப் பொதுவிதி என்று கொள்ளலாகாதுதான். எனினும் அந்த 68 நாட்களில் நாம் கண்டவற்றுக்கு இதனினும் தெளிவான விளக்கம் அரிது.

ஏற்கெனவே எடையைக் குறைத்து வந்தவர்க்குத் தொல்லை இரட்டிப்பு. 75 கிலோவிலிருந்து 70 கிலோவுக்கு இறங்கிய உடலுக்கு முன்னிலும் குறைந்த உணவே போதும். ஆனால் இழந்த கொழுப்பை மீட்கும்படி உடல் பசியைத் தூண்டிக்கொண்டே இருக்கும். நடையே இவ்விரண்டுக்கும் இடையே ஒரு தடுப்புச் சுவராக நின்றது. அச்சுவர் இடிந்ததும் எடை ஏறியது. அவர்களைப் பார்த்து, மன உறுதி போதாது என்று வீட்டார் குறை கூறியது எவ்வளவு பிழையானது!

கணக்கையும் பார்ப்போம். அமர்ந்திருப்பதைவிட ஒரு மணி நேர நடையில் ஏறத்தாழ 150 கலோரி கூடுதலாகச் செலவாகும். 60 நாட்களுக்கு அது 9,000. ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியுள்ளது. ஆகவே உணவில் ஒரு பருக்கை கூடாவிடினும் ஒரு கிலோ ஏற வழியுண்டு. உணவோ கூடாமல் இருக்கவில்லை. சமையலறை பத்தடி தூரத்தில். முறுக்கு டப்பா கைக்கெட்டும் தூரத்தில். மார்ச்சு 28 முதல் தூர்தர்ஷன் இராமாயணத் தொடரைக் காலையும் இரவும் மறுபடி ஒளிபரப்பியது. அதனைத் தட்டுடன் அமர்ந்து பார்த்த குடும்பங்கள் எத்தனை! 50 கிராம் முறுக்கில் 250 கலோரிக்குக் குறைவில்லை. இராவண வதம் முடியும்வரை அது ஒருமுறையோடு நிற்பதுமில்லை.

இவ்வளவும் நிகழ்ந்தும் பலர் உணராமல் இருந்ததற்கு உடையும் ஒரு காரணம். கால்சட்டையின் இடுப்புப் பட்டை எச்சரிக்கும். லுங்கியும் நைட்டியும் எவ்வளவு பருமனுக்கும் இடம் கொடுக்கும். இலண்டன் மாநகரத்து மாடிப் பேருந்துகளில் அமர்ந்தே ஓட்டுவோரின் சீருடைக் கால்சட்டைகள், படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுக்கும் நடத்துநரின் கால்சட்டைகளைவிட இடுப்பில் அகன்றவை என்பதை ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் 1956-இல் எடுத்துக் காட்டினார். தையற்காரரின் அளவு நாடாவுக்கு அத்தனை சாட்சி வலிமை உண்டு. இந்தியருக்குத் தொப்புள் மட்டத்து இடுப்புச் சுற்றளவு ஆடவரில் 90 செண்டிமீட்டரும் பெண்டிரில் 80 செண்டிமீட்டரும் கடந்தால் கவலைக்குரியது என்பது மருத்துவர் கொள்கை. அசைவின்றி இருக்கும் உடலில் தசை கரைந்து கொழுப்புச் சேரும். எடைப் பொறி அதே எண்ணைக் காட்ட, இடுப்பு மட்டும் அகலும். ஆகவே வாரம் ஒருமுறை நாடாவையும் எடுப்பது நலம்.

வீட்டு வேலைக்கு ஆள் வராத அந்நாட்களில், பெருக்கித் துடைத்துப் பாத்திரம் தேய்த்த பெண்டிருக்கு உழைப்பு கூடியது. நாற்காலியில் அமர்ந்து காப்பி கேட்ட ஆடவருக்குக் குறைந்தது. அவ்வேலையில் பாதியை ஏற்றவர் இல்லறத்துக்கும் இடுப்புக்கும் ஒருங்கே நன்மை செய்துகொண்டனர்.

நோய்த்தொற்றின் காலம் கடந்தது. வீட்டினுள் அடங்கும் காலம் கடக்கவில்லை. 2024 நவம்பரில் தில்லியின் காற்று கெட்டு நான்காம் நிலைக் கட்டுப்பாடுகள் வந்தபோது, வெளியே நடக்க வேண்டாம் என்றே அறிவுரை கூறப்பட்டது. கோடையின் அனல் காற்றும் அவ்வாறே நம்மை உள்ளே தள்ளுகிறது. அத்தகைய நாட்களில் ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் பதினைந்து நிமிடம் கூடத்திலேயே நடந்தால், இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதும் மட்டுப்படும். தொலைபேசி வந்தால் எழுந்து உலாவிக்கொண்டே பேசலாம். பட்டினி கிடந்து ஈடுசெய்ய எண்ணுவது மட்டும் வேண்டாம். நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் ஒரு வேளை உணவை விடினும் சர்க்கரை அபாயமாகத் தாழக்கூடும்.