முதோள் நாய்: ஆண் குட்டியா, பெண் குட்டியா?

கர்நாடகத்தின் முதோள் பகுதிக்குரிய வேட்டை நாய், பார்வையால் இரையைக் கண்டு துரத்தும் இனமாகும். 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வனவிலங்கு வேட்டையைத் தடுத்துவிட்டமையால், இன்று இது பெரும்பாலும் காவலுக்கே வளர்க்கப்படுகிறது.

ஆண் சற்று உயரமானது. எனினும் காவலில் பெண் அதற்குக் குறைந்ததன்று. பெண் நாய் பொதுவாக ஆண்டுக்கு இருமுறை சினைப்பருவம் எய்தும். அப்பொழுது ஏறத்தாழ மூன்று வாரம் அதனை அடைத்துக் காத்தல் வேண்டும். தவறினால் சுமார் 63 நாளில் வேண்டாத குட்டிகள் பிறக்கும். இதற்கஞ்சியே பலர் பெண் குட்டிகளைத் தெருவில் விட்டுவிடுகின்றனர். ஆணும் தொல்லையற்றதன்று, பருவமுற்ற பெண்ணை நாடி அலையும், பிற ஆண்களோடு சண்டையிடும்.

கால்நடை மருத்துவர் செய்யும் கருத்தடை, பெண்ணைப் பற்றிய அச்சத்தை அறவே நீக்கும். ஆகவே பாலினத்தைவிடத் தாய் தந்தையரின் உடல்நலத்தையும் குணத்தையும் ஆராய்ந்து, எட்டு வாரம் நிரம்பிய குட்டியைத் தெரிந்தெடுத்தலே நன்று.