மூடி இறுக்கிய பாட்டில்

நம் மாரெட்பள்ளியில் ரத்தம், சிறுநீர் பரிசோதனைக்கு இப்போது யாரும் வாசல் தாண்ட வேண்டியதில்லை. போன் செய்தால் காலை ஆறரைக்கே லேப் பையன் ஸ்கூட்டரில் வந்துவிடுகிறான். சௌகரியம்தான். ஆனால் ஒரு பரிசோதனைக்கு இது உதவாது என்பதை எங்கள் குடியிருப்பில் ஒரு குழந்தை விஷயத்தில் கண்டேன்.

நான்கு வயதுப் பையன். வளர்த்தி இல்லை, ஓயாமல் தண்ணீர் கேட்பான், கால்கள் வளையத் தொடங்கியிருந்தன. இங்கே கால் வளைந்தால் உடனே 'நல்கொண்டா தண்ணீர்' என்பார்கள். அதற்குக் காரணமும் உண்டு. ஃப்ளோரைடு மிகுந்த பகுதியில் முழங்கால் உள்வளைவது பற்றி, நம் தார்நாகாவிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரி, கமலா கிருஷ்ணசுவாமி இருவரும் 1973-லேயே 'லான்செட்' இதழில் எழுதினார்கள். ஆனால் இவன் நல்கொண்டா பக்கமே போனதில்லை.

டாக்டர் சந்தேகித்தது 'ரீனல் டியூபுலர் அசிடோசிஸ்'. சிறுநீரகத்தின் நுண்குழல்கள் அமிலத்தை வெளியேற்றத் தவறுவது. தங்கிய அமிலம் எலும்பை அரிக்கும். பொட்டாசியம் குறைந்து கைகால் தளரும். சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும். யூரியா, கிரியேட்டினின் மட்டும் பார்த்தால் பெரும்பாலும் 'நார்மல்' என்றே வரும். ரத்தத்தில் பைகார்பனேட் குறைந்து, குளோரைடு கூடியிருக்கையில், சிறுநீரின் பி.ஹெச். 5.5-க்கு மேலேயே நின்றால் சந்தேகம் வலுக்கிறது.

ஸ்கூட்டர் இங்கேதான் இடைஞ்சல். சிறுநீர் காற்றுப் பட்டால் கரியமில வாயு வெளியேறும். வெயிலில் கிருமி பெருகி யூரியாவை அம்மோனியாவாக்கும். இரண்டாலும் பி.ஹெச். ஏறிவிடும். பல வீடு சுற்றிப் போன முதல் பாட்டிலில் 7.5 என்றார்கள். டாக்டர் அதை ஏற்கவில்லை. ஆயுள் முழுக்க மருந்து சாப்பிடச் சொல்லும் முன் நிச்சயம் வேண்டாமா? பையனை லேபுக்கே அழைத்துப் போய், மூடியை இறுக்கி, காகிதப் பட்டையில் அல்லாமல் மீட்டரில் உடனே பார்த்தார்கள். 6.8. பைகார்பனேட் 14, இருக்க வேண்டியது 22-க்குக் குறையாமல்.

சந்தேகம் தீராதவர்களுக்கு ராங், டேவீஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர்கள் 1959-ல் வகுத்த முறை உண்டு. (பெயர்தான் ராங்!) கிலோவுக்கு 0.1 கிராம் அம்மோனியம் குளோரைடு கொடுத்தும் பி.ஹெச். 5.3-க்குக் கீழே இறங்காவிட்டால் கோளாறு குழல்களில்தான். ரத்தத்திலேயே அமிலம் கூடியிருந்த இவனுக்கு அது தேவைப்படவில்லை.

சிட்ரேட் மருந்தில் பையன் இப்போது வளர்கிறான். பெற்றோர் அத்தை மகன், மாமன் மகள். நம்மவர் குடும்பங்களில் சகஜம். இவ்வியாதியின் பரம்பரை வகைகள் சில உறவு மணங்களில் கூடுதலாக வரும், செவியையும் தாக்கும். ஆகவே காதையும் சோதித்தார்கள்; குறையில்லை. கைக்குழந்தையான தங்கைக்கும் ரத்தம் எடுத்தாயிற்று.