ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டா? பர்ஸைத் திறக்கும் முன் இதைப் படிங்க!

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கம்ப்யூட்டரைப் பெரிய டி.வி-யோடு இணைத்துவிட்டால் போதும். கல்யாண வீடியோ, யூடியூப் பாட்டு, டவுன்லோடு செய்த படம் எல்லாவற்றையும் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால், 4கே வீடியோவைப் போட்டதும் படம் தாவித் தாவி ஓடும். உடனே யாராவது, "ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டா சரியாயிடும்" என்பார்கள். அடுத்து, "எத்தனை ஜி.பி?" என்ற கேள்வி வரும். பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பெரம்பலூரில் சின்ன வெங்காயம் விற்ற காசாக இருந்தாலும், அரியலூரில் சிமென்ட் ஆலைச் சம்பளமாக இருந்தாலும், உழைத்த பணம்தானே? உள்ளூரில் கிடைக்காத கார்டை திருச்சியிலோ ஆன்லைனிலோ வாங்கினால், மாற்றுவதற்கும் அலைய வேண்டும். வாங்கும் முன் கொஞ்சம் சோதித்துப் பார்ப்பது நல்லது.

கேம் வேறு, படம் வேறு

வீடியோ ஃபைல்கள் சுருக்கப்பட்டுத்தான் வருகின்றன. அதை விரித்துத் திரையில் காட்டும் வேலைக்கு 'டிகோடிங்' என்று பெயர். இதற்கென்றே சிப்புக்குள் தனிப் பகுதி இருக்கிறது. கேமுக்குத் தேவையான பலமோ, கூடுதல் ஜி.பி-யோ இதற்கு அவசியமில்லை. அந்த வீடியோவின் ஃபார்மட்டை சிப் அறிந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம். இன்று 4கே வீடியோக்கள் பெரும்பாலும் ஹெச்.இ.வி.சி, வி.பி.9, ஏ.வி.1 ஆகிய மூன்று ஃபார்மட்களில் வருகின்றன. யூடியூபின் 4கே, வி.பி.9 அல்லது ஏ.வி.1-ல்தான் இருக்கும்.

பிரச்னை எங்கே?

திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால், அது இன்டர்நெட் வேகப் பிரச்னை. எந்த கார்டும் அதைச் சரி செய்யாது. சத்தம் சரியாக வந்து, படம் மட்டும் தாவினால் டிகோடிங் பிரச்னையாக இருக்கலாம்.

வீடியோ ஓடும்போது விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் ஜி.பி.யு-வைப் பாருங்கள். 'வீடியோ டிகோட்' கோடு அசையாமல் கிடக்க, சி.பி.யு மட்டும் நூறு சதவிகிதத்தைத் தொட்டால், சிப்புக்கு அந்த ஃபார்மட் தெரியாமல் இருக்கலாம்.

உங்கள் டி.வி வெறும் ஃபுல் ஹெச்.டி-யா? அப்படியென்றால் யூடியூபில் 1080பி வைத்தாலே போதும். செலவே இல்லை.

பிராசஸர் எண் சொல்லும் கதை

'ஐ5-4570' என்றிருந்தால், கோட்டுக்கு அடுத்துள்ள 4 என்பது நான்காம் தலைமுறை. 'ஐ5-11400' என்றால் பதினொன்றாம் தலைமுறை. இன்டெல் 7-ம் தலைமுறை முதல், உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் ஹெச்.இ.வி.சி, வி.பி.9 இரண்டையும் 4கே-வில் சமாளிக்கும். 11-ம் தலைமுறை முதல் ஏ.வி.1-ம் சேரும். இவர்களுக்குப் படம் பார்க்கத் தனி கார்டு தேவைப்படாது. எண்ணின் கடைசியில் 'எஃப்' இருந்தால் மட்டும் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. அதற்குக் கார்டு கட்டாயம்.

கார்டு தேவைதான் என்றால்...

* ஜி.டி 710, ஜி.டி 730: விலை குறைவு என்று கடைகளில் முதலில் எடுத்துக் காட்டுவது இவற்றைத்தான். இவற்றால் 4கே ஹெச்.இ.வி.சி-யைச் சமாளிக்க முடியாது. ஹெச்.டி.எம்.ஐ வழியே 4கே-வில் நொடிக்கு 30 ஃப்ரேம்தான். தவிர்க்கலாம்.
* ஜி.டி 1030: 2017-ல் வந்தது. ஹெச்.இ.வி.சி, வி.பி.9 ஓடும். 4கே-வில் 60 ஃப்ரேம் தரும். மின்சாரமும் சுமார் 30 வாட்தான். ஏ.வி.1 மட்டும் கிடையாது. பழைய கம்ப்யூட்டருக்கு இது ஏற்றது.
* ரேடியான் ஆர்.எக்ஸ் 6400: 2022-ல் வந்தது என்றாலும், இதிலும் ஏ.வி.1 டிகோடிங் இல்லை. புதியது என்றாலே எல்லாம் இருக்கும் என்று நம்பக் கூடாது.
* இன்டெல் ஆர்க் ஏ310, ஏ380: ஏ.வி.1 உண்டு. ஆனால், 10-ம் தலைமுறைக்கும் அதற்குப் பிறகு வந்த கம்ப்யூட்டர்களுக்கும்தான் இன்டெல் இதைப் பரிந்துரைக்கிறது.
* ஆர்.டி.எக்ஸ் 3050 (6 ஜி.பி): ஏ.வி.1 உண்டு. 70 வாட். பிள்ளைகள் கேமும் விளையாடுவார்கள் என்றால் யோசிக்கலாம். படம் மட்டும் பார்க்க இது அதிகம்.

பெட்டிக்குள் நுழையுமா?

அலுவலகங்களில் பயன்படுத்தி விற்கப்படும் ஒல்லியான கம்ப்யூட்டர் என்றால், 'லோ புரொஃபைல்' கார்டு மட்டுமே உள்ளே நுழையும். கார்டு பொருத்தும் ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்கு பவர் சப்ளையில் தனி வயர் வேண்டும். லேப்டாப்புக்குள் இந்த கார்டுகளைப் பொருத்தவே முடியாது.

ஃபேன் இல்லாத கார்டு சத்தம் போடாது. ஆனால், நம்மூர் வெயிலில் பெட்டிக்குள் காற்றோட்டம் இருக்க வேண்டும், டி.வி ஸ்டாண்டுக்குள் அடைத்து வைக்கக் கூடாது. அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலையோர வீடுகளில், ஃபேனில் படியும் தூசியை அடிக்கடி துடைப்பது அவசியம்.

சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ உறவினர் வாங்கி வருவதாக இருந்தால், அதன் வாரன்டி இந்தியாவில் செல்லுமா என்று முதலில் கேளுங்கள்.

கார்டால் முடியாதவை

ஓ.டி.டி தளங்கள் காப்பி பாதுகாப்புக்காக, கம்ப்யூட்டர் பிரவுசரில் படத்தின் தரத்தைக் குறைத்தே தருவதுண்டு. கார்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இது மாறாது. டி.வி ரிமோட்டாலும் கம்ப்யூட்டரை இயக்க முடியாது. பெரும்பாலான கிராபிக்ஸ் கார்டுகளில் அந்த வசதி இல்லை. ஓ.டி.டி மட்டும்தான் பார்ப்போம் என்றால், டி.வி-யில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கே போதும். செலவும் குறைவு.

அதனால், கடைக்குப் போகும்போது பிராசஸர் எண்ணையும், டி.வி மாடலையும், பெட்டியின் போட்டோவையும் மொபைலில் எடுத்துச் செல்லுங்கள். "எத்தனை ஜி.பி?" என்று கேட்காதீர்கள். "எந்தெந்த ஃபார்மட் ஓடும்? 4கே-வில் 60 ஃப்ரேம் வருமா?" என்று கேளுங்கள்!