ஒரு பறவைக்கு இரண்டு கரைகள் தேவை

சைபீரியாவில் குளிர்காலம் தொடங்கும் முன்பே கரையோரப் பறவைகள் தெற்கு நோக்கிப் புறப்பட்டுவிடுகின்றன. ஆஸ்திரேலியா வரை நீளும் அந்தப் பாதையில் அவை இறங்கும் இடங்களுள் ஒன்று, சிங்கப்பூரின் வடமேற்கில் உள்ள சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகம். செப்டம்பர் முதல் மார்ச் வரை பவளக்காலி, உப்புக்கொத்தி போன்ற பறவைகளை அங்குக் காணலாம்.

இந்த இடம் எளிதில் கிடைத்துவிடவில்லை. 1980களில் இது கைவிடப்பட்ட இறால் குளங்கள் நிறைந்த பகுதி. வேளாண் தொழில்நுட்பப் பூங்கா அமைப்பதற்கான திட்டமும் இருந்தது. 1986ல் இங்குத் திரளும் பறவைகளைக் கண்ட மலாயன் இயற்கைச் சங்கத்தின் ஆர்வலர்கள், இவ்விடத்தைப் பாதுகாக்கும்படி அரசாங்கத்திடம் கோரினர். 1989ல் 87 ஹெக்டர் நிலம் இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, 1993ல் திறக்கப்பட்டது. 2002ல் அது 130 ஹெக்டர் பரப்புள்ள, சட்டப் பாதுகாப்பு பெற்ற காப்பகமானது.

அத்துடன் வேலை முடிந்துவிட்டதா? பறவைகள் வேறு பதில் சொல்கின்றன.

கடல்நீர் வற்றும்போது வெளிப்படும் சேற்றில்தான் அவற்றுக்குப் புழுக்களும் சிறு நண்டுகளும் கிடைக்கும். அதற்காக அவை சற்றுக் கிழக்கே உள்ள மண்டாய் சேற்றுநிலத்துக்குப் பறக்கின்றன. நீர் ஏறியதும் அந்தச் சேறு மூழ்கிவிடும். அப்போது சுங்கை பூலோவின் பழைய குளங்களுக்குத் திரும்பி ஓய்வெடுக்கின்றன. அங்கு மதகுகள்மூலம் நீர்மட்டம் கட்டுப்படுத்தப்படுவதால் அவை நிற்க இடம் இருக்கும்.

ஒன்று உணவுக்கூடம், மற்றொன்று படுக்கையறை. உணவுக்கூடம் அழிந்தால் அடுத்த நெடும்பயணத்துக்கான கொழுப்பை உடலில் சேர்க்க முடியாது. ஓய்விடம் அழிந்தால், சேர்த்த கொழுப்பும் அலைந்து திரிவதிலேயே கரைந்துவிடும்.

இந்தத் தொடர்பை உணர்ந்தே, 72.8 ஹெக்டர் பரப்புள்ள மண்டாய் சதுப்புநிலக் காடும் சேற்றுநிலமும் இயற்கைப் பூங்காவாகப் பாதுகாக்கப்படும் என்று 2018ல் அறிவிக்கப்பட்டது. 2020ல், கிராஞ்சி சதுப்புநிலம் உள்ளிட்ட பகுதிகளையும் இணைத்து, 400 ஹெக்டருக்கும் அதிகமான சுங்கை பூலோ இயற்கைப் பூங்காக் கட்டமைப்பு அறிவிக்கப்பட்டது.

நிலம் குறைந்த நகரில் வெறும் சேறு வீணாகக் கிடப்பதாகத் தோன்றலாம். அடுத்த பருவத்தில், நீர் ஏறும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு சுங்கை பூலோவுக்குச் செல்லுங்கள். குளங்களில் வந்து இறங்கும் கூட்டத்தைக் கண்டால், எந்த நிலத்தையும் காலி நிலம் என்று சொல்லுமுன் ஒருமுறை யோசிப்பீர்கள்.