இரு கண்கள், ஒரு காட்சி: முப்பரிமாணத் தொலைக்காட்சி

செஞ்சிக் கோட்டையில், சாதத்துல்லாஹ் கான் பள்ளிவாசலுக்கருகே ராஜகிரியை நோக்கி நின்று, சுட்டுவிரலை முகத்துக்கு முன் நிமிர்த்தி, கண்களை மாறி மாறி மூடித் திறந்து பாருங்கள். விரல் இடமும் வலமுமாகத் தாவும். பத்தடி தள்ளியுள்ள மரக்கிளை சிறிதே நகரும். மலையுச்சிப் பாறைகளோ ஒன்றுக்கொன்று அசைவதில்லை. நம் கண்களுக்கிடையே ஏறத்தாழ ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி உண்டு. அதனால் இரு கண்களும் காணும் படிமங்கள் சற்றே வேறுபடுகின்றன. அவ்வேறுபாட்டைக் கொண்டே மூளை அண்மையையும் சேய்மையையும் உணர்கிறது. தொலைவிலுள்ள மலைக்கு அவ்வேறுபாடு போதாது. அங்கே உருவளவு, நிழல், மங்கல் ஆகியவற்றைக் கொண்டே தூரத்தை மதிப்பிடுகிறோம்.

முப்பரிமாணக் காட்சியையே இப்னுல் ஹைதம் கண்டறிந்துவிட்டார் என்று நம் மேடைகளில் சிலர் முழங்குவதுண்டு. அவர் செய்தது எது, செய்யாதது எது எனப் பிரித்தறிவதே அப்பேரறிஞருக்கு நாம் செலுத்தும் மரியாதையாகும். பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் இயற்றிய 'கிதாபுல் மனாளிர்' நூலின் மூன்றாம் பகுதியில் ஒரு சோதனை வருகிறது. வண்ணக் கோடுகள் தீட்டிய பலகையை மூக்கருகே பொருத்தி, அதன்மேல் மெழுகுக் குச்சிகளை நிறுத்தி நோக்கச் செய்கிறார். ஒரு குச்சியில் பார்வையை நிலைநிறுத்தினால், அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை இரண்டிரண்டாகத் தெரியும். இரு கண்களில் பதியும் உருவங்களும் பொது நரம்பில் ஒன்றிணைவதாக அவர் விளக்கினார். ஆயினும், உருவங்களின் வேறுபாடே ஆழ உணர்வைப் பிறப்பிக்கிறது என அவர் கூறவில்லை. அதனை 1838இல் இலண்டனில் சார்லஸ் வீட்ஸ்டன், கண்ணாடிகள் பொருத்திய கருவியொன்றின் மூலம் மெய்ப்பித்தார். தட்டையான இரு கோட்டோவியங்களை ஒரு கண்ணுக்கு ஒன்றாகக் காட்ட, அவை திரண்ட பொருளாய்த் தோன்றின.

தொலைக்காட்சி செய்வதும் இதுவே. திரை என்றும் தட்டைதான். இடக்கண்ணுக்குரிய படம் இடக்கண்ணையும், வலக்கண்ணுக்குரியது வலக்கண்ணையும் மட்டும் அடையச் செய்வதிலேதான் தொழில்நுட்பமெல்லாம் அடங்கியுள்ளது.

இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படமான மலையாள 'மை டியர் குட்டிச்சாத்தான்' 1984இல் வெளிவந்தது. தமிழில் 'அன்னை பூமி' 1985இல் வந்தது. திரையரங்க வாயிலில் கண்ணாடி வாங்கி அணிந்த நினைவு நம்மில் பலருக்கு இருக்கக்கூடும். 2010ஆம் ஆண்டு முதல் வீடுகளுக்கு வந்த தொலைக்காட்சிகளில் இருவகைக் கண்ணாடிகள் பயன்பட்டன. முதல்வகையில், இரு படங்களும் ஒன்று மாற்றி ஒன்றாக நொடிக்கு 120 முறை தோன்றும். கண்ணாடியின் திரவப்படிகச் சாளரங்கள் அதே வேகத்தில் மாறி மாறித் திறந்து மூடும். இதற்கு மின்கலம் வேண்டும். மற்றதில், திரையின் ஒற்றைப்படை வரிகள் ஒரு கண்ணுக்கும் இரட்டைப்படை வரிகள் மறுகண்ணுக்கும் ஒதுக்கப்படும். இருவகை வரிகளின் ஒளியலைகளும் எதிரெதிர்த் திசைகளில் சுழலுமாறு செய்யப்பட்டிருக்கும். கண்ணாடி தனக்குரியதை மட்டும் உள்ளே விடும். இது மலிவானது, இலேசானது. ஆனால் ஒவ்வொரு கண்ணுக்கும் பாதி வரிகளே கிட்டும்.

கண்ணாடியின்றிக் காண்பதற்கான முறையை விளங்க, ஹஜ் சென்று திரும்புவோர் கொண்டுவரும் வரிவரியான படங்களை எண்ணிப் பார்க்கலாம். ஒருபுறம் சாய்த்தால் கஃபா, மறுபுறம் சாய்த்தால் மதீனாவின் பச்சைக் குவிமாடம். படத்தின் மேலுள்ள ஒவ்வொரு வரியும் ஒரு மெல்லிய அரை உருளை வில்லை. அடியில் கீற்றுக் கீற்றாக அமைந்துள்ள படங்களை அது வெவ்வேறு திசைகளுக்கு அனுப்புகிறது. தொலைக்காட்சித் திரைமேல் இத்தகைய வில்லைகளைப் பதித்தால், இருபடங்களும் இரு கண்களையும் தனித்தனியே சென்றடையும். வில்லைகளுக்குப் பதில் நுண்ணிய செங்குத்துப் பிளவுகள் கொண்ட தடுப்பையும் வைக்கலாம். 2011இல் வெளிவந்த நின்டெண்டோ 3டிஎஸ் விளையாட்டுக் கருவி அவ்வகையினது.

தோஷிபா நிறுவனம் 2010 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த கண்ணாடி வேண்டாத் தொலைக்காட்சி, ஒரே காட்சியின் ஒன்பது கோணங்களைக் காட்டியது. கோணங்கள் பெருகப் பெருகத் திரையின் நுட்பம் அவற்றுக்குள் பங்கிடப்பட்டுக் குறைகிறது. இருக்கை சற்று விலகினாலோ படம் குலைகிறது. குடும்பமாக அமர்ந்து பார்க்கும் நம் வீடுகளுக்கு இது எங்ஙனம் பொருந்தும்?

மற்றொரு சங்கடமும் உண்டு. உருவம் திரைக்கு முன்னே மிதப்பதாய்த் தோன்ற, கண்கள் அங்கே குவிகின்றன. விழிவில்லையோ திரையின் தூரத்திலேயே குவியம் கொள்ள வேண்டியுள்ளது. இயற்கையில் இவ்விரண்டும் பிரிவதில்லை. தலைவலியும் கண்சோர்வும் பெரும்பாலும் இதனால் நேர்பவை. ஒரு கண்ணில் மட்டும் பார்வையுள்ளோர்க்கு இக்கலையே பயனற்றது.

எல்ஜி, சோனி நிறுவனங்களும் 2017இல் கைவிட, வீட்டு முப்பரிமாணத் தொலைக்காட்சி ஏறக்குறைய மறைந்தது. ஆனால் சோனி 2020இல் வேறொரு திரையைக் கொணர்ந்தது. அதன் ஒளிப்படக்கருவி பார்ப்பவரின் விழிகளை இடைவிடாது பின்தொடர்ந்து, அவை இருக்குமிடத்துக்கேற்பப் படங்களை அனுப்புகிறது. கண்ணாடி தேவையில்லை, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே காண இயலும்.